நாலு முள்ளும் ஒரு கமோடு நாற்காலியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நோரீன் ட்ரெவாரோ எங்கள் அலுவலகக் கதவைத் தட்டியபோது, நான் பாஸின் மேஜைமேல் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். பாஸ் என்றால் வெர்னா கெஸ்கி. பைக் பே ஊரின் ஒரே துப்பறியும் நிபுணர். போட்டிக்கு ஆள் இல்லாததால் தலைசிறந்த நிபுணரும் அவர்தான். நான் லெஸ்டர் டுபே, உதவியாளன். காணாமல் போன பனிவண்டிகளைத் தேடுவதும், தேடப்போன இடத்தில் நாயிடம் கடி வாங்குவதும் என் இலாகா.

நோரீனைத் தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்கான கட்டில், வாக்கர், ஊன்றுகோல், ஆக்சிஜன் எந்திரம் எல்லாம் அவர் கடையில்தான். என் அப்பா சாய்ந்து படுத்தபடி டிவியைத் திட்டுவதற்குப் பயன்படும் கட்டில்கூட அங்கே வாங்கியதுதான். அந்தக் கடையை விட்டால் பாலம் தாண்டித் தெற்கே போக வேண்டும். பிப்ரவரி மாதத்தில் அந்தச் சாலையில் கிளம்புகிறவர்கள் உயில் எழுதிவிட்டுக் கிளம்புவது நல்லது.

"நாளைக்குக் காலையில தலைநகர் லான்சிங்ல இருந்து வரி ஆடிட்டுக்கு அதிகாரி வர்றாரு, வெர்னா," என்றார் நோரீன். கையுறையைக் கழற்றவும் மறந்திருந்தார். "போன வருஷத்து டாக்டர் சீட்டு மொத்தமும் காணோம்."

"டாக்டர் சீட்டுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன் நான், மேஜையிலிருந்து காலை எடுத்தபடி.

"டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோட வந்து வாங்கினா விற்பனை வரி கிடையாது. சீட்டு இல்லேன்னா வரி உண்டு. நான் வரி வாங்காம வித்த ஒவ்வொரு சாமானுக்கும் அதிகாரிகிட்ட ஒரு சீட்டை எடுத்து நீட்டணும். நீட்டலேன்னா அந்த வரியை என் கையில இருந்து கட்டணும். ஒரு வருஷத்து வியாபாரம் பூராவுக்கும். அப்புறம் கடையைச் சாத்திட்டு, மிச்சம் இருக்கற ஒரு வாக்கரைத் தள்ளிக்கிட்டு நான் நடையைக் கட்ட வேண்டியதுதான்."

"டாக்டருங்ககிட்ட நகல் கேளுங்களேன்."

"ஞாயித்துக்கிழமையா? பாதி டாக்டருங்க ஏரி ஐஸ் மேல உக்காந்து மீன் பிடிக்கறாங்க. மீதிப் பேரு அவங்களுக்கு பீர் கொண்டு போயிருக்காங்க."

பாஸ் பையிலிருந்து ஒரு கறுப்பு உப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம். "சீட்டெல்லாம் எங்க வெச்சிருந்தே, நோரீன்?"

"பத்திரமான இடத்துல."

"எந்த இடம்?"

"ரொம்பப் பத்திரமான இடம்," என்றார் நோரீன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அவர் காதுமடல் சிவந்துபோயிருந்தது.

கடைக்குப் போனோம். பூட்டு உடையவில்லை, கண்ணாடி நொறுங்கவில்லை, கல்லாவில் கை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மூடிய கடையை நோரீன் இன்று காலையில்தான் திறந்திருக்கிறார். நான் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். என் வழக்கமான விசாரணை முறை அது. பாஸ் மட்டும் குனிந்து தரை விரிப்பையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

குளியல் நாற்காலிக்கும் வாக்கருக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அங்கே விரிப்பில் நாலு சின்ன வட்டக் குழிகள், சதுரத்தின் நாலு மூலைகள் மாதிரி. ரொம்ப நாள் ஏதோ நின்ற அடையாளம்.

"லெஸ்டர், கவுண்டர் மேல என்ன இருக்கு பாரு."

பார்த்தேன். நாலு ரப்பர் குமிழ்கள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. நாற்காலிக் காலின் அடியில் மாட்டுகிற சமாசாரம்.

"பின்னாடி அந்தக் கொக்கியில என்ன தொங்கும், நோரீன்?"

"ஐஸ் முள்ளு," என்றார் நோரீன். பனிக்காலத்தில் ஊன்றுகோலின் நுனியில் மாட்டுகிற இரும்பு முள் அது. ஐஸைக் கவ்விக்கொள்ளும். அதை மாட்டிக்கொண்டுதான் எங்கள் ஊர்க் கிழவர்கள் விழாமல் தபால் பெட்டி வரைக்கும் போய்வருகிறார்கள். "வெள்ளிக்கிழமை கொக்கி நிறைய இருந்துச்சு. இப்போ நாலு குறையுது."

"ஒரு ஊன்றுகோலுக்கு எத்தனை முள்ளு வேணும்?"

"ஒண்ணுதான்."

பாஸ் என்னைப் பார்த்தார். நான் என் துப்பறியும் மூளையைத் தட்டி எழுப்பினேன். "புரிஞ்சுபோச்சு பாஸ். நாலு கிழவனுங்க கூட்டுச் சேர்ந்து பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போறாங்க. கவலையே வேண்டாம். அவங்க தெருமுனை தாண்டறதுக்குள்ள நாம சாப்பிட்டுட்டே போய்ப் பிடிச்சிரலாம்."

"நாலு முள்ளும் ஒரே சாமானுக்கு, மடையா. இங்க நின்ன நாலு காலுக்கு. ரப்பரைக் கழட்டிட்டு முள்ளை மாட்டியிருக்கான். கழட்டினதை வீசி எறியல, வரிசையா வெச்சிட்டுப் போயிருக்கான். திரும்பக் கொண்டுவந்து மாட்டற எண்ணம் இருக்கறவன்தான் அப்படி வெப்பான். இவன் திருடன் இல்ல, கேக்காம இரவல் வாங்கினவன்." பாஸ் நோரீன் பக்கம் திரும்பினார். "இங்க நின்னது என்ன?"

நோரீன் நாலு குழிகளையும் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"கமோடு நாற்காலி. பார்வைக்கு வெச்சிருந்தது. சீட்டெல்லாம் அதுக்குள்ள இருக்கற வாளியில இருந்துச்சு."

நான் சுழல் நாற்காலியிலிருந்து விழுந்தேன். பாஸ் அசையவில்லை.

"சிரிக்காதே, லெஸ்டர்," என்றார் நோரீன் அழாக்குறையாக. "நீ யோசிச்சுப் பாரு. கடைக்கு வர்றவங்க மேஜை இழுப்பறையை இழுத்துப் பாக்கறாங்க, கட்டிலுக்குக் கீழ பாக்கறாங்க, அலமாரியைத் திறந்து என் சாப்பாட்டையே மோந்து பாக்கறாங்க. ஆனா இத்தனை வருஷத்துல ஒருத்தர் அந்த மூடியைத் தூக்கினது கிடையாது. இன்னொருத்தர் பாக்கத் தூக்கவே மாட்டாங்க. வாங்க வர்றவங்களே அதுக்குப் பேர் சொல்ல மாட்டாங்க. கூரையைப் பாத்துக்கிட்டு, 'அது ஒண்ணு வேணும்'பாங்க. மேல போர்வையைப் போர்த்தி எடுத்துட்டுப் போவாங்க. இதைவிடப் பத்திரமான பீரோ இந்த ஊர்ல உண்டா?"

யோசித்துப் பார்த்தேன். என் அப்பாவுக்கு நான் வாங்கப்போனபோது நானும் கூரையைத்தான் பார்த்தேன்.

"கடைச் சாவி உன்னைத் தவிர யார்கிட்ட இருக்கு?" என்றார் பாஸ்.

"ரூடி ஸல்மிகிட்ட. சாமானை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ப் போடறவன். முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு ரெண்டு நாளா படுத்திருக்கான்."

"ரூடிக்கு ஏரி ஐஸ் மேல மீன்பிடிக் கொட்டகை இருக்கில்ல?"

"ஆரஞ்சு கலர்ல ஒண்ணு. ஏன்?"

பாஸ் கோட்டை மாட்டிக்கொண்டார்.

ரூடியின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. மரக்கதவைப் பாஸ் தட்டினார்.

"குளிச்சுக்கிட்டிருக்கேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சாயங்காலம் வாங்க."

"நாங்க வெளிய இருந்தே பேசறோம், ரூடி. லெஸ்டர் மட்டும் உள்ள வருவான்."

"நானா?" என்றேன். பாஸ் கதவைத் திறந்து என்னைத் தள்ளிச் சாத்திவிட்டார்.

உள்ளே ரூடி பலகைமேல் ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தான். நான் கம்பளிக் கோட்டு, ரெண்டு சட்டை, முழங்கால் வரை பூட்ஸ். சூடான கற்கள்மேல் அவன் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினான். என் மூக்குக்கண்ணாடி மறைந்துபோனது. அவித்த உருளைக்கிழங்கின் கஷ்டம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"ரூடி," என்று பாஸின் குரல் கதவு வழியாக வந்தது. "உங்க அம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. சவுனாக்குள்ள என்னென்ன செய்யக் கூடாது?"

ரூடி பெருமூச்சு விட்டான். "சத்தம் போடக் கூடாது. சண்டை போடக் கூடாது."

"அப்புறம்?"

"பொய் சொல்லக் கூடாது," என்றான் ரூடி பரிதாபமாக. எங்கள் பக்கத்தில் வெளியே ஆயிரம் புளுகுகிறவன்கூட இந்தப் பலகைமேல் உட்கார்ந்தால் வார்த்தையை அளந்துதான் பேசுவான். பாஸ் அவன் வெளியே வரும் வரை காத்திருக்காததன் காரணம் இப்போது எனக்கு விளங்கியது.

"உன் முதுகு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றான் ரூடி தலையைக் குனிந்துகொண்டு.

"கமோடு நாற்காலி எங்க?"

"கொட்டகையில." இன்னொரு சொம்பு தண்ணீர் கற்கள்மேல் விழுந்தது. "தெக்க இருந்து ஒருத்தர் போன் பண்ணாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஞாயிறு வரைக்கும் கொட்டகை வாடகைக்கு வேணும்னாரு. பாத்ரூம் இருக்கான்னு கேட்டாரு. மீன்பிடிக் கொட்டகையில பாத்ரூம் கேக்கற ஆள்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல? இருக்குன்னு சொல்லிட்டேன். ஐஸ்ல வழுக்கக் கூடாதுன்னு முள்ளு மாட்டினேன். கழுவித் துடைச்சு நாளைக்குக் கடை திறக்கறதுக்கு முன்னாடி வெச்சிரலாம்னு இருந்தேன்."

"அந்தப் பாவியை நான் வேலைக்கு வெச்சதே தப்பு," என்று நோரீனின் குரல் கேட்டது.

"நோரீனும் வந்திருக்காங்களா?" என்று ரூடி துண்டை இழுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டான்.

"மூடியைத் திறந்து பாத்தியா, ரூடி?" என்றார் பாஸ்.

"நான் எதுக்குங்க அதைத் திறக்கப்போறேன்," என்றான் அவன். கூரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். "கொஞ்சம் கனமாத்தான் இருந்துச்சு. நல்ல இரும்புன்னு நெனச்சேன்."

"வந்திருக்கற ஆள் யாரு?"

"கேல்னு சொன்னாரு. வாடகை வந்துடுச்சு, அதுக்கு மேல பேரு எதுக்கு."

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை ஒரு மனிதனுக்கு என்னென்ன அவசரங்கள் வரும் என்று நாங்கள் நாலு பேரும் அவரவர் மனதுக்குள் கணக்குப் போட்டோம். கடைசியில் நோரீன் மெல்லிய குரலில், "சீக்கிரம் போலாம்," என்றார்.

ஏரி ஐஸ்மேல் வண்டி ஓட்டும்போது சீட் பெல்ட் போடக் கூடாது, கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஐஸ் உடைந்தால் குதிக்க வசதி. சவுனாவில் வெந்த உடம்போடு அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். தாடியில் ஐஸ் கட்டியது. எனக்குத் தாடி கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது, அது கழுத்துத் துணி.

ஆரஞ்சுக் கொட்டகை வந்தது. நோரீன் இறங்க மறுத்துவிட்டார். "நல்ல செய்தின்னா கூப்பிடுங்க. கெட்ட செய்தின்னா என்னை வண்டியோட ஓட்டைக்குள்ள தள்ளிவிட்டுடுங்க."

கொட்டகை வாசலில், பிடித்த மீன்களைப் பனிமேல் பரப்பியிருந்தார்கள். பாஸ் அங்கே நின்றுவிட்டார். சின்னதிலிருந்து பெரியது வரை வரிசை. எல்லாத் தலையும் ஒரே பக்கம். மீனுக்கும் மீனுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. பக்கத்தில் பனியில் ஒரு மர அளவுகோல் குத்தி வைத்திருந்தது.

"உள்ள போனதும் நீ வாயைத் திறக்காதே, லெஸ்டர்," என்றார் பாஸ்.

அவர் எதற்குச் சொல்கிறார் என்று கேட்டிருக்கலாம். எனக்குக் குளிரில் அவசரம்.

உள்ளே சின்ன அடுப்பு, தரையில் ஓட்டை, ஓட்டைக்குள் தூண்டில் கயிறு. புதுக் காதுமூடித் தொப்பி போட்ட ஒல்லி மனிதர் ஒருவர், மூடி சாத்திய கமோடு நாற்காலிமேல் முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். தொப்பியில் விலைச் சீட்டு இன்னும் தொங்கியது.

"மன்னிக்கணும், சார். கொஞ்சம் எழுந்திருக்கறீங்களா?" என்றார் பாஸ்.

"இப்போ முடியாதுங்க. கீழ ஒண்ணு இரையைத் தொட்டுத் தொட்டுப் பாக்குது. காலையில இருந்து இதுக்குத்தான் காத்திருக்கேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், நீங்க உக்காந்திருக்கறது நாற்காலி மேல இல்ல. ஒரு பொம்பளையோட பிழைப்பு மேல. கொட்டகைக்கார ரூடி அவங்க கடையில வேலை பாக்கறவன், தெரியாம எடுத்துட்டு வந்துட்டான். அதுக்குள்ளதான் அவங்க கடையோட டாக்டர் சீட்டு பூரா இருக்கு."

பாஸ் என் காலை மிதித்தார். இடம் சின்னது, தெரியாமல் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

"நாளைக்கு லான்சிங்ல இருந்து ஒரு ரத்தக்காட்டேரி வருதாம். ஒரு சீட்டு குறைஞ்சாலும் கடையை முழுங்கிட்டு ஏப்பம் விடுற ஆளு," என்றேன்.

பாஸ் மறுபடி மிதித்தார்.

"அப்படியா," என்றார் அந்த மனிதர். தூண்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவர் உங்களுக்குப் பழக்கமா?"

"பாத்தாத்தான் தெரியணுமா? அந்த ஆளுங்களே அப்படித்தான். பொண்டாட்டி முத்தம் கொடுத்தாலும் ரசீது கேப்பாங்க. அவங்களுக்கு வந்த கடுதாசியில பேரு என்னமோ... ஜைல்ஸ்ட்ரா. கால்வின் ஜைல்ஸ்ட்ரா. பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்குது."

மூன்றாவது மிதி எலும்பு வரை இறங்கியது. அந்த மனிதர் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"கேல்னு கூப்பிடுங்க," என்றார். "கேல் ஜைல்ஸ்ட்ரா. லான்சிங்."

தரையில் இருந்த ஓட்டை என் உடம்புக்குக் கொஞ்சம் சின்னது. இல்லாவிட்டால் இறங்கியிருப்பேன்.

"மீன்வரிசையைப் பாத்ததுமே நெனச்சேன்," என்றார் பாஸ். "மீன் பிடிக்க வந்தவங்க அப்படி அடுக்க மாட்டாங்க."

ஜைல்ஸ்ட்ரா மெதுவாகக் குனிந்து, தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பார்த்தார். முகம் வெளுத்தது. சட்டென்று எழுந்தார். அதே நேரம் பார்த்துக் கீழே இருந்தது கவ்வி இழுக்க, தூண்டில் குச்சி தரையில் இழுபட்டு ஓட்டைக்குள் போய் மறைந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சார், இதைக் கேக்கறதுக்கு மன்னிக்கணும்," என்றார் பாஸ். "இதைப் பயன்படுத்தினீங்களா?"

வெளுத்த முகம் இப்போது சிவந்தது. "அந்தக் கதவு சரியா சாத்தாதுங்க. பக்கத்துக் கொட்டகைக்காரரு அப்பப்போ எட்டிப் பாத்து காபி வேணுமான்னு கேக்கறாரு. கரையில ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு. ஒவ்வொரு தடவையும் அங்க நடந்து போயிட்டு வந்தேன்."

"அவ்வளவு தூரமா? காத்துலயா?"

"ரெண்டு தடவை விழுந்தேன்."

"மூடியைத் திறந்துகூடப் பாக்கலையா?"

"நான் எதுக்குங்க அதைத் திறக்கப்போறேன்," என்றார் கால்வின் ஜைல்ஸ்ட்ரா, கூரையைப் பார்த்தபடி.

நான் ஓடிப்போய் நோரீனைக் கூப்பிட்டேன். அவர் வந்து மூடியில் கை வைத்ததும் நாங்கள் மூன்று பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். யாரும் சொல்லித் திரும்பவில்லை. பிளாஸ்டிக் உறை சரசரத்தது. "எல்லாம் இருக்கு," என்றார் நோரீன். "மாசவாரியா, நான் வெச்ச மாதிரியே. நனையக்கூட இல்ல." அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். நானும் கழுத்துத் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். தொப்பியைக் கழற்றியதும் ஆள் மாறிவிட்டார். "மிசஸ் ட்ரெவாரோ, சீட்டு தெளிவா இருக்கணும், வரிசையா இருக்கணும், கேட்டதும் காட்டணும். அதை எதுக்குள்ள வைக்கணும்னு விதியில இல்ல. ஆனா உங்க ஆளு ஒருத்தரே அதைத் தூக்கிட்டு வந்து ஏரி மேல வெச்சிருக்காரு. இதை நான் ரிப்போர்ட்ல எழுதாம இருக்க முடியாது. எழுதினா, பழைய வருஷங்களையும் கிண்டச் சொல்லி மேல இருந்து உத்தரவு வரும். எனக்கு வருத்தம்தான்."

வருத்தம் நிஜம்தான் என்று தெரிந்தது. அதனால் என்ன பிரயோஜனம்? நோரீனின் முகம் மறுபடி விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்தார். அதன் காலில் மாட்டியிருந்த முள்ளைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார். கடைக்காரியின் பார்வை அது.

"சார், இது என் கடைச் சாமான். பாத்ரூம் வேணும்னு கேட்டு நீங்க வாடகைக்கு எடுத்திருக்கீங்க."

"தெரியாம நடந்தது, ஆனா ஆமாம்."

"அப்போ உங்க டாக்டர் சீட்டு எங்க?"

ஜைல்ஸ்ட்ராவின் கை தன்னையறியாமல் கோட்டுப் பையைத் தடவியது.

"சீட்டா?" என்றார் ஜைல்ஸ்ட்ரா.

"சீட்டு இருந்தா வரி கிடையாது. சீட்டு இல்லேன்னா உண்டு. நீங்க சீட்டும் காட்டல, வரியும் கட்டல, வெள்ளிக்கிழமையில இருந்து இது மேல உக்காந்திருக்கீங்க. இதை நான் கணக்குல எழுதாம இருக்க முடியாது, சார். எனக்கும் வருத்தம்தான்."

"ரிப்போர்ட்ல சீட்டு எங்க இருந்துச்சுன்னு எழுதுவீங்க இல்லையா," என்றார் பாஸ் இனிமையாக. ஒரு உப்பு மிட்டாயை அவரிடம் நீட்டினார். "அப்போ அதுக்கு மேல யாரு இருந்தாங்கன்னும் எழுத வேண்டி வரும்."

ஜைல்ஸ்ட்ரா மிட்டாயை வாயில் போட்டார். தெற்கத்திக்காரர்களுக்கு அது விஷம். அவர் முகத்தில் என்னென்னவோ ஓடியது, எது மிட்டாயால், எது யோசனையால் என்று பிரிக்க முடியவில்லை. பிறகு பர்ஸை எடுத்தார்.

"வரி எவ்வளவு ஆகுது?" என்றார். கொஞ்சம் தயங்கி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ரசீது வேணும்."

மறுநாள் காலையில் அவர் டையும் கோட்டுமாகக் கடைக்கு வந்தார். எங்களையெல்லாம் முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் கை குலுக்கினார். நானும் பாஸும் வாக்கர் வாங்க வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொன்றைத் தள்ளிக்கொண்டு கடைக்குள்ளேயே சுற்றினோம். ரூடி எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஒரே கட்டிலைத் திரும்பத் திரும்பத் துடைத்தான். ஜைல்ஸ்ட்ரா ஒவ்வொரு விற்பனையையும் ஒவ்வொரு சீட்டோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. முந்தின நாள் எழுதிய ஒரு வாடகை ரசீது மட்டும் தனியாக நின்றது.

"இதுக்கு டாக்டர் சீட்டு இல்லையே?"

"இல்ல சார். அதனால வரி வாங்கியிருக்கேன்."

"வாடிக்கையாளர் என்ன காரணத்துக்காக எடுத்தாரு?"

"அதெல்லாம் இந்த ஊர்ல கேக்கறதில்ல சார்."

"நல்ல பழக்கம்," என்று அவர் ஒரு டிக் போட்டார். அடுத்த கேள்வி, ஆவணங்கள் வைக்கப்படும் இடம். பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். குளியல் நாற்காலிக்கும் வாக்கருக்கும் நடுவில் கமோடு நாற்காலி ரப்பர் குமிழ்களோடு பழைய நாலு குழிகளில் நின்றுகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. 'பாதுகாப்பான இடத்தில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோரீன் விட்ட மூச்சில் கவுண்டர்மேல் இருந்த காகிதம் பறந்தது.

பெட்டியை மூடிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார். தெருவைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அடுத்த வாரமும் மீனு நல்லாக் கடிக்குமாம். உக்கார ரொம்ப வசதியா இருந்துச்சு. அது வாடகைக்குக் கிடைக்குமா?"

"கிடைக்காது, சார்," என்றார் நோரீன். "அது எங்க பீரோ."